புழல் உபரிநீர் கால்வாய் ஓரத்து ஊர்கள்: விவசாய வரலாறு எழுத எந்தக் கணக்கு, எங்கே கிடைக்கும்?

கால்வாய்க்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வடபெரும்பாக்கம், தீயம்பாக்கம், மாத்தூர், சின்னசேக்காடு என்று மாதவரத்துக்கும் மணலிக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் கழனி இருந்த காலத்தை ஒரு சிறு நூலாகத் தொகுக்கலாம் என்று எங்கள் பகுதிக்காரர்கள் சிலர் சேர்ந்திருக்கிறோம். 2011-ல் இந்த ஊர்களெல்லாம் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. இன்றைக்குப் பார்த்தால் குடோனும் கண்டெய்னர் யார்டும் மனைப் பிரிவும்தான். எது நஞ்சை, எது ஏரி உள்வாய் (தண்ணீர் நிற்கும் உட்பகுதி), எந்த மதகு எந்தக் கழனிக்குப் பாய்ந்தது என்பதை உறுதியாகச் சொல்ல ஆதாரம் வேண்டும். கோயில் தலபுராணத்தை மட்டும் வைத்து எழுத விருப்பமில்லை.

எங்கே தொடங்குவது, எந்தப் பதிவேட்டை எந்த அலுவலகத்தில் கேட்பது, எதில் ஏமாறுவோம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: புழல் ஏரியே வெள்ளைக்காரன் வெட்டியதுதான் என்று இங்கே பலர் சொல்கிறார்கள். அது சரியா?

---

பழைய சிட்டா எழுதியது:

வணக்கம் சார். முதலில் வருவாய்க் கிராமம் எது, அதில் அடங்கிய குக்கிராமம் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மக்கள் வாயில் தனித்தனி ஊராக இருப்பது கணக்கில் ஒரே கிராமமாக இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தெரு வேறு வேறு கிராமக் கணக்கில் போவதும் உண்டு. வருவாய்க் கிராமத்தின் பெயரும் எண்ணும் கையில் இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வேலை நடக்காது.

அடுத்தது கிராம வரைபடம், அ-பதிவேடு, புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுப் படம்) மூன்றும். உங்களுக்கு முதுகெலும்பு அ-பதிவேடுதான். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அரசு நிலமா ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா), நஞ்சையா புஞ்சையா, மண் வயனமும் ரகமும் என்ன, தரம், தீர்வை (நிலவரி), பரப்பு, பட்டா எண் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசியில் குறிப்புக் கலம் ஒன்று உண்டு. ஏரி, வாய்க்கால், களம், மேய்க்கால், வண்டிப்பாதை, தோப்பு, மயானம் எல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். பலர் பட்டாதாரர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் கலத்தை விட்டுவிடுகிறார்கள். ஊர் வரலாற்றுக்கு அதுதான் அதிகம் பேசும்.

இப்போது இணையத்தில் கிடைக்கும் அ-பதிவேடு யூ.டி.ஆர். என்கிற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிந்தையது. அந்தத் திட்டம் 1979 முதல் 1987 வரை நடந்தது. உங்களுக்கு அதற்கு முந்தைய பதிவேடு வேண்டும். செட்டில்மெண்ட் பதிவேடு (நிலவரி நிர்ணயப் பதிவேடு), ரீசெட்டில்மெண்ட் பதிவேடு, அடங்கல் (ஆண்டுவாரிப் பயிர்க் கணக்கு) என்று கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகம், மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவண அறை இரண்டிலும் பார்க்க வேண்டும். நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு போடுங்கள். மனுவில் "எங்கள் ஊர் வரலாறு வேண்டும்" என்று எழுதினால் "அப்படி ஒரு ஆவணம் இல்லை" என்றுதான் பதில் வரும். கிராமத்தின் பெயர், எண், பதிவேட்டின் பெயர், பசலி ஆண்டு (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) நான்கையும் எழுதி, பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதியும் குறிப்பிட்ட பக்கங்களுக்கு நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

பசலி கணக்கு: ஜூலை 1-ல் பசலி பிறக்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழியுங்கள், ஜனவரி முதல் ஜூன் வரை 591-ஐக் கழியுங்கள். 1965 ஆகஸ்ட் என்றால் பசலி 1375. இதில் ஒரு வருடம் பிசகினால் கட்டு மாறிப்போகும்.

தவறு நடக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பழைய புலப்படத்தில் நீளம் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும், புதியதில் மீட்டர். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. ஒரு மீட்டர் ஏறக்குறைய 5 லிங்க்ஸ். லிங்க்ஸை மீட்டர் என்று நினைத்துப் படித்தால் நீளம் 5 மடங்கும் பரப்பு கிட்டத்தட்ட 25 மடங்கும் ஊதிவிடும். பரப்பிலும் அப்படித்தான்: பழைய பதிவேடு ஏக்கர், செண்டு, புதியது ஹெக்டேர், ஏர். ஒரு ஏர் 2.47 செண்டு. 1 ஹெக்டேர் 20 ஏர் என்றால் 2 ஏக்கர் 96 செண்டு. இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கும்போது சில செண்டு வித்தியாசம் வந்தால் பயப்பட வேண்டாம், மாற்றிய கணக்கில் வருவது. அரை ஏக்கருக்கு மேல் போனால் உட்பிரிவு மாறியிருக்கும், புலப்படத்தைப் பாருங்கள்.

நகர அளவை முடிந்த பகுதியில் சர்வே எண் போய் வார்டு, பிளாக், நகர சர்வே எண் வந்திருக்கும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் இல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள். இன்றைய குடோன் எந்தக் கழனியின் மேல் நிற்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் பாலம்.

எல்லாம் கையில் வந்ததும், கிராம வரைபடத்தின் நகலில் நஞ்சைக்குப் பச்சை, புஞ்சைக்கு மஞ்சள், நீர்நிலைக்கு நீலம் தீட்டிப் பாருங்கள். ஏரிக்குக் கீழே பச்சை எப்படி விரிகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதிலேயே பாசனம் எதுவரை போனது என்று தெரிந்துவிடும். நூலின் முதல் படமாக அதையே போடலாம்.

---

கலங்கல் எழுதியது:

பழைய சிட்டா அண்ணன் நிலத்தைச் சொல்லிவிட்டார். நான் தண்ணீர்ப் பக்கம் சொல்கிறேன்.

புழல் ஏரி வெள்ளைக்காரன் வெட்டியது என்பது தவறு. அது மழைநீரை நம்பிய பாசன ஏரியாக முன்பே இருந்தது. 1872-ல் முடிந்த குடிநீர்த் திட்டத்தில் கொசஸ்தலையாற்றுத் தண்ணீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பி, சோழவரம் வழியாகப் புழலுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் அது நகரத்தின் ஏரி ஆனது. 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம், 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம். இன்றைக்குப் புழலின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081. "வெட்டினார்கள்" என்று எழுதாமல் "பாசன ஏரியைக் குடிநீர் ஏரியாக்கிப் பெருக்கினார்கள்" என்று எழுதுங்கள். உங்கள் நூலின் அச்சாணியே இதுதான் என்பது என் எண்ணம். நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த ஊர்களின் கதை இது, அதை யாரும் ஒழுங்காக எழுதவில்லை.

உங்கள் ஊர்க் கால்வாய் அந்த ஏரியின் கலங்கலிலிருந்து (உபரிநீர் வழியும் இடம்) வருவது. வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர் பக்கம் போய்ச் சேருகிறது. அதை ஊர் ஏரிகளின் பாசன வாய்க்காலோடு குழப்பிவிடக் கூடாது. வரைபடத்தில் இரண்டும் நீலக்கோடுதான். பாசன வாய்க்கால் மதகில் தொடங்கிக் கழனியில் கிளை பிரிந்து முடியும். போக்குக் கால்வாய் கலங்கலில் தொடங்கிக் கிளை பிரியாமல் தாழ்வுக்கு ஓடும். இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சிறு ஏரிக்கும் நீர்வளத்துறையிலோ, ஊராட்சி ஒன்றியத்தின் கீழ் இருந்ததென்றால் ஒன்றிய அலுவலகத்திலோ ஏரிக் குறிப்பேடு இருக்கும். பழைய பொறியாளர்கள் மெமாயர் என்பார்கள். அதில் நீர்ப்பிடிப்புப் பரப்பு, கரை நீளம், முழுக் கொள்ளளவு மட்டம், மதகுகளின் எண்ணிக்கை, கலங்கல் நீளம், ஆயக்கட்டு (ஏரி பாயும் நிலம்) ஏக்கர் ஆகியவை கிடைக்கும். ஆயக்கட்டுப் பதிவேட்டில் எந்த மதகுக்கு எந்த சர்வே எண் என்பதும் வரும். அதைப் பச்சை தீட்டிய படத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

ஊரில் "எங்க ஏரி ஆயிரம் ஏக்கர் பாயும்" என்று சொல்வார்கள். சரிபார்க்க ஒரு கணக்கு: ஒரு மில்லியன் கன அடித் தண்ணீர் சுமார் 6 ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகம் வரும். ஆயக்கட்டு 120 ஏக்கர் என்றால் 20 மில்லியன் கன அடி வேண்டும். ஏரியின் கொள்ளளவு 8 தான் என்றால் அது பருவத்தில் இரண்டரை தடவை நிரம்பியிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் இது நடக்கக்கூடியதுதான். 1,000 ஏக்கர் நடக்காது. அப்படி ஒரு எண் வந்தால் பக்கத்து ஏரியின் ஆயக்கட்டையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று கேளுங்கள்.

கம்புகட்டி (மதகு திறந்து கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர்) யார், அவருக்கு ஒரு போகத்துக்கு எத்தனை மரக்கால் கூலி, மதகு திறக்கும் முறை எந்தக் கழனியில் தொடங்கும் என்பதையும் எழுதுங்கள். எந்த அரசுப் பதிவேட்டிலும் இது முழுசாக இல்லை.

---

ஒற்றியூர்க் கல் எழுதியது:

கால்வாய்க்கரை ஐயா, கோயிலை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். தலபுராணம் வேறு, கல்வெட்டு வேறு. சோழர் காலத்தில் உங்கள் பகுதி ஜெயங்கொண்ட சோழமண்டலத்துப் புழல் கோட்டத்தில் இருந்தது. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் அது ஒன்று. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலில் பல்லவர் காலம் தொடங்கி விஜயநகர காலம் வரை கல்வெட்டுகள் உண்டு. நிலக்கொடையைச் சொல்லும் கல்வெட்டில் ஊர்ப் பெயர், நாடு, நான்கெல்லை, வாய்க்கால் பெயர், நில அளவு வரும். உங்களுக்கு வேண்டியது அதுதான். அச்சில் வந்த கல்வெட்டுத் தொகுதிகளில் ஊர்ப் பெயர் அடைவு பின்னால் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். இன்றைய பெயரை மட்டும் தேடாமல் "புழல் கோட்டத்து" என்று வரும் எல்லாக் கல்வெட்டையும் ஒருமுறை படியுங்கள்.

உங்கள் ஊர்ச் சிறு கோயிலில் எழுத்துள்ள கல் இருந்தால் சுண்ணாம்பு, எண்ணெய், மாவு, சாக்பீஸ் எதையும் தடவ வேண்டாம். காலை அல்லது மாலை சாய்வெயிலில், இல்லையென்றால் இருட்டியபின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம், பக்கத்தில் அளவுகோல். ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் கொஞ்சம் வரட்டும், இல்லையென்றால் சேர்த்துப் படிக்கும்போது எழுத்து விட்டுப்போகும். மைப்படி (காகிதத்தில் மை ஒற்றி எழுத்தைப் படியெடுத்தல்) எடுப்பதைத் தொல்லியல் துறையிடம் விட்டுவிடுங்கள். திருப்பணியில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்று தெரிந்தால் உடனே தடுக்கச் சொல்லுங்கள். அதில் போன எழுத்து திரும்பாது.

குறும்பர் கோட்டை, குறும்பரை வென்றதாகச் சொல்லும் ஆதொண்டைச் சக்கரவர்த்தி, திருமுல்லைவாயில் எருக்கந்தூண் கதையெல்லாம் புழல் வட்டாரத்தில் எல்லாரும் சொல்வது. கம்பெனி அளவையாளர் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளிலும் இந்த மரபு பதிவாகியிருக்கிறது. சேருங்கள், ஆனால் "மரபுச் செய்தி" என்று தலைப்பிட்டுத் தனியாக.

---

பழைய சிட்டா எழுதியது:

200 ஆண்டுக்கு முந்தைய செய்திக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இதில் உங்களுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் உண்டு. 1763-ல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டு ஜாகீரை (மானியமாகத் தரப்பட்ட பகுதி) கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஜாகீர் கிராமங்களை அளந்தார். கிராமம் கிராமமாக வீடுகள், சாதிகள், ஏரிகள், நிலப்பரப்பு, மானியம், களத்து மேட்டில் தச்சருக்கும் கொல்லருக்கும் வெட்டியானுக்கும் கோயிலுக்கும் அளந்த நெல் என்று எழுதி வைத்திருக்கிறது. கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த ஓலைக் கணக்கும் இதற்கு உண்டு. 1780-ல் ஹைதர் அலி படையெடுப்பில் ஜாகீர் பாழானது. அதற்கு முந்தைய ஊர் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

அதற்குப் பின் கலெக்டர் லயனல் பிளேஸின் 1799 அறிக்கை. அடுத்து மிராசு உரிமை (ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு) பற்றி எல்லிஸ் எழுதிய பதில்கள், 1818-ல் அச்சானவை. பிறகு 1879-ல் வந்த குரோலின் செங்கல்பட்டு மாவட்டக் கையேடு. இந்த வரிசையில் படித்தால் மிராசுதார், பயிர்க்காரர், படியாள் (நெல் கூலிக்குக் கட்டுப்பட்ட பண்ணையாள்) உறவு எப்படி மாறியது என்று பிடிபடும். 1802-ல் ஜாகீரை மிட்டாக்களாக (சிறு ஜமீன்களாக) பிரித்து ஏலம் விட்டார்கள். பெரும்பாலானவை நிற்கவில்லை, அரசுக்கே திரும்பின. உங்கள் கிராமம் எந்த மிட்டாவில் போனது என்று பாருங்கள்.

காப்பகத்தில் தேட அரசாணை எண், துறை, தேதி மூன்றும் வேண்டும். முதலில் ஆண்டுவாரி அடைவுத் தொகுதியைக் கேட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு பிறகு சீட்டு எழுதுங்கள். மாவட்டம் செங்கல்பட்டு என்று தேடுங்கள். திருவள்ளூர் மாவட்டம் 1997-ல் வந்தது, உங்கள் பகுதி சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது 2018-ல். வட்டம் சைதாப்பேட்டையா பொன்னேரியா என்பது ஆண்டுக்கு ஏற்ப மாறும், இரண்டிலும் பார்த்துவிடுங்கள்.

பழைய கணக்கில் காணி, குழி வரும். ஒரு குழி 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, 24 மனை, 1.32 ஏக்கர். இது பிற்காலத்தில் நிலைத்த அளவு. முன்பு கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியதுண்டு. எனவே 18-ஆம் நூற்றாண்டுக் காணியை அப்படியே 1.32-ஆல் பெருக்கி அட்டவணை போடாதீர்கள். காணியாகவே எழுதி, தோராய ஏக்கரைத் தனிக் கலத்தில் போடுங்கள்.

---

நவரை எழுதியது:

பெரியவர்களிடம் கேட்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். ஆண்டு எண் நினைவில் நிற்காது, நடந்த பெரிய செய்தி நிற்கும். 1943 வெள்ளம், 1975 நெருக்கடி நிலை, 1980 நவம்பரில் கர்ணம் (பரம்பரைக் கிராமக் கணக்கர்) பதவி ஒழித்தது, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தது என்று வைத்து "அதுக்கு முன்னாடியா பின்னாடியா" என்று கேளுங்கள். நெல்லுக்கு ஐ.ஆர்.8 என்ற குட்டை ரகம் நல்ல எல்லைக்கல். அது 1966-க்குப் பிறகு வந்தது. மணலிப் பக்கத்துக்கு ரிஃபைனரி. 1965-ல் நிறுவனம் தொடங்கி 1969-ல் ஆலை ஓடியது, உர ஆலை 1971-ல் உற்பத்திக்கு வந்தது. மாதவரம் பால் பண்ணை 1963. கழனி வேலையை விட்டு ஆட்கள் எங்கே போனார்கள் என்பதை இந்த மூன்றை வைத்தே அடுக்கிவிடலாம்.

போகத்தைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஆடியில் நாற்று விட்டுத் தையில் அறுக்கும் சம்பா, மார்கழி தையில் தொடங்கும் நவரை, சித்திரை வைகாசியில் தொடங்கும் சொர்ணவாரி. சொர்ணவாரி எந்தக் கழனியில் முதலில் நின்றது என்று கேட்டால் தண்ணீர் எங்கே முதலில் குறைந்தது என்பது தெரியும். கிணறு எப்போது உப்புக் கரித்தது என்பதையும் விடாதீர்கள். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் உள்ளே ஏறியது, கிழக்கே போகப் போக அந்தப் பாதிப்பு தெரியும். விளைச்சலை அவர்கள் சொன்ன அளவிலேயே குறியுங்கள். 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம், 400 மரக்கால் ஒரு கரிசை. மூட்டை என்றால் எத்தனை மரக்கால் மூட்டை என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. சேரியில் போய்க் கேட்காமல் இந்த நூலை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். நாற்று நட்டதும் ஏரியில் மண் எடுத்துக் கரை போட்டதும் அவர்கள். பஞ்சமி நிலம் (ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஒதுக்கிய நிலம்) உருவானதே உங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் எழுதிய குறிப்பிலிருந்துதான். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010-ஆம் எண் அரசாணை அதற்கு அடிப்படை. முதல் 10 ஆண்டு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே பிரிவினருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. பழைய அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ்) என்றோ நிபந்தனைப் பட்டா என்றோ இருக்கும். யூ.டி.ஆர். பதிவேட்டில் அந்தக் குறிப்பு விடுபட்டிருக்கலாம். இரண்டையும் எண்வாரியாக ஒத்துப் பாருங்கள்.

---

கால்வாய்க்கரை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. வீடுகளில் பழைய கிரயப் பத்திரங்கள் சில இருக்கின்றன. அவற்றால் பயனுண்டா? எந்தப் பெயர்களை அச்சில் போடலாம்?

---

பழைய சிட்டா எழுதியது:

நிறையவே பயன். கழனிப் பெயர் வேறெங்கும் கிடைக்காது, பத்திரத்தின் செக்குபந்தியில்தான் கிடைக்கும். "இன்ன மடைக் கழனிக்குத் தெற்கு, இன்னார் களத்துக்கு மேற்கு" என்று நான்கெல்லையும், கிணற்றில் எத்தனை பங்கு, எத்தனை நாள் முறைநீர், எத்தனை பனை என்பதும் இருக்கும். பத்திரத்தில் சர்வே எண் இருந்தால் அந்தக் கழனிப் பெயரை உங்கள் பச்சைப் படத்தில் அதே எண்ணின் மேல் எழுதுங்கள். பைமாஷ் எண் (சர்வேக்கு முந்தைய நில அளவை எண்) மட்டும் இருந்தால் செட்டில்மெண்ட் பதிவேட்டில் பழைய எண் கலத்தைப் பாருங்கள். 1975-க்கு முந்தைய பத்திரங்களுக்கு இணைய வில்லங்கம் பெரும்பாலும் உதவாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து அடைவில்தான் தேட வேண்டும்.

பத்திரத்தை மடித்த மடிப்போடு ஸ்கேனரில் அழுத்தாதீர்கள், மடிப்பில் கிழியும். விரித்து மேலே கண்ணாடி வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், பதிவு எண்ணும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். லேமினேஷன் கூடவே கூடாது.

அச்சில் கழனிப் பெயர், சர்வே எண், பரப்பு, ஆண்டு போடுங்கள். வாங்கியவர் விற்றவர் பெயரை, அந்தக் குடும்பம் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் ஒழிய விட்டுவிடுங்கள். நிலத் தகராறு நடக்கிற எண்ணாக இருந்தால் சம்மதம் கொடுத்தாலும் வேண்டாம்.

---

கலங்கல் எழுதியது:

ஊராட்சித் தீர்மானப் புத்தகங்களையும் வீட்டுவரிப் பதிவேட்டையும் மறந்துவிடாதீர்கள். 2011-க்கு முன் வடபெரும்பாக்கம் தனி ஊராட்சி. இணைப்புக்குப் பிறகு அந்தக் கணக்குகள் எங்கே போயின என்று முதலில் மாதவரம் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். மதகு பழுது, வாய்க்கால் தூர் வாருதல், மனைப் பிரிவு அனுமதி எல்லாம் தேதியோடு இருக்கும். எந்த வருடம் மதகு பழுதுக்குப் பணம் ஒதுக்குவது நின்றது என்று பார்த்து, அதே வருடத்து அடங்கலில் நெல் பயிரான பரப்பை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.